இரண்டாம் மாடியில் சாய்தளம்

செப்டம்பர் 1, திங்கள்

இதை நான் எழுதவில்லை. நான் சொல்கிறேன், என் போன் எழுதிக்கொள்கிறது. என் கையால் எழுதினால் ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது ஆகும், எழுதியதை அப்புறம் நானே வாசிக்கவும் முடியாது. போனுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பொள்ளாச்சிப் பேச்சில் சொன்னால் அதற்கு ஏறாது. செய்தி வாசிக்கிற பெண்மணி மாதிரி விறைப்பாகச் சொன்னால்தான் மதிக்கும். அதனால் இந்தக் குறிப்பு முழுக்க நான் ஏதோ பெரிய மனுஷி மாதிரித் தெரிவேன். மற்றவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசியபடியே சொல்லப் போகிறேன். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னால்தான் போன் பிடித்துக்கொள்கிறது. பரவாயில்லை. எங்கள் கல்லூரி முதல்வரைத் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுவதில் எனக்கு என்ன நஷ்டம்?

என் பெயர் சிந்துஜா. பி.காம். இரண்டாம் ஆண்டு, தமிழ் வழி. எனக்கு டிஸ்லெக்சியா. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சோதித்துச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். கேட்டால் எல்லாம் புரியும், வாசிக்க மட்டும் வராது. இதைச் சொன்னவுடன் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: எழுத்தெல்லாம் ஆடுமா? ஆடாது. அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். நான்தான் ஒவ்வொன்றாகப் போய்த் தட்டி எழுப்ப வேண்டும். கடைசி எழுத்து எழுந்திருப்பதற்குள் முதல் எழுத்து தூங்கிவிடும்.

இன்று எங்கள் கல்லூரியில் 'அறிவுச்சுடர் உதவித் தொழில்நுட்ப மையம்' திறந்தார்கள். கருப்புக் கல்லில் எம்.எல்.ஏ. பெயர் பெரிதாக, முதல்வர் குழந்தைவேலு பெயர் அதைவிடப் பெரிதாக. மையம் இரண்டாம் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. ஆனால் சக்கர நாற்காலி ஏறுவதற்கு வாசலில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள், இரண்டாம் மாடியில். அதுவரை சக்கர நாற்காலி பறந்து வரும் போலிருக்கிறது. கதவில் பிரெயில் பலகை வேறு. எங்கள் கல்லூரியில் கண் தெரியாத மாணவர் ஒருவர்கூட இல்லை.

உள்ளே உண்மையாகவே நல்ல கருவி ஒன்று இருக்கிறது. புத்தகத்தை அடியில் வைத்தால் மேலேயிருந்து படம் பிடித்துத் தமிழில் வாசித்துக் காட்டும். அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது உண்மை. ஆனால் என்னைக் கருவிக்கு அருகில் விடவில்லை. மேடைக்குக் கூப்பிட்டு, எம்.எல்.ஏ. கையால் ஒரு வெள்ளைக் கைத்தடி கொடுத்தார்கள், பார்வையற்றவர்கள் பிடித்து நடப்பது. "சார், எனக்குக் கண்ணு தெரியுமுங்க" என்று மெதுவாகச் சொன்னேன். "வாங்கிக்கம்மா, போட்டோவுக்கு" என்றார் முதல்வர். வாங்கிக்கொண்டேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

அம்மா அந்தத் தடியை நீட்டி முருங்கைக்காய் பறித்தாள். "நல்லாத்தான் எட்டுது சிந்து. இன்னொண்ணு குடுத்தா வாங்கிட்டு வா" என்கிறாள். மையத்தால் இதுவரை பயனடைந்தது எங்கள் வீட்டுச் சாம்பார்.

செப்டம்பர் 5, வெள்ளி

மையம் பூட்டியிருக்கிறது. சாவி ஒருங்கிணைப்பாளர் ஜெகதீஸ்வரி மேடத்தின் கைப்பையில். மேடம் தமிழ்த்துறை. அந்தக் கைப்பையில் சாவியைத் தேடுவதற்குள் மணி அடித்துவிடும். நேற்று மீட்டிங், முந்தாநாள் அரை நாள் லீவு. இன்று ஆளைப் பிடித்துக் கேட்டேன். "இப்பவே தொறந்து தூசி பட்டுட்டா, குழு வர்றப்ப என்ன பண்றது?" என்றார். பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக் குழு வருகிறதாம். அதுவரை கருவி முத்து மாதிரிப் பத்திரமாக இருக்க வேண்டுமாம்.

பூட்டிய கதவுக்கு வெளியே, சாய்தளத்தில் உட்கார்ந்து ஒருவன் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். லோகேந்திரன், பி.ஏ. வரலாறு, ஆனைமலையிலிருந்து பஸ்ஸில் வருகிறான். அவனுக்கு என்னைப் போலில்லை. வாசிப்பான். எழுதத்தான் வராது. அவன் எழுதிய பெயரை அவனுடைய அப்பாவே கண்டுபிடிக்க மாட்டாராம். பேச விட்டால் திப்பு சுல்தானில் தொடங்கி மதியம் வரை பேசுவான். எதற்கும் கோபப்படாத பிறவி. பூட்டைக் காட்டி நான் கத்தினால், "வுடு சிந்து, சாய்தளம் நல்லா உக்கார வசதியா இருக்குது" என்கிறான். இந்த மாதிரி ஆட்களால்தான் நாடு உருப்படாமல் போகிறது. எலுமிச்சை சாதம் மட்டும் நன்றாக இருந்தது.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று திறந்தார்கள். ஆண்டு மலருக்குப் போட்டோ வேண்டுமாம். போட்டோக்காரர் வருவதற்குத் தாமதமானது. அந்த இடைவெளியில் வணிகச் சட்டப் புத்தகத்தை எடுத்துக் கருவிக்கு அடியில் வைத்தேன். ஹெட்போனுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை. "கிழிச்சறாத, மாட்டு" என்றார் மேடம். உறையோடு மாட்டிக்கொண்டேன். காதுக்குள் சரசரவென்று சத்தம், அதற்கு நடுவில் ஒரு பெண்குரல். உப்பில்லாத குரல். சோகத்தையும் வாசிக்கும், வட்டி விகிதத்தையும் வாசிக்கும், எல்லாம் ஒன்றுதான் அதற்கு.

ஆனால் ஒரு பாடம் முழுக்கக் கேட்டேன். ஒப்பந்தம் என்றால் என்ன, முன்மொழிவு என்றால் என்ன, எப்போது செல்லாது, எல்லாம். யாரையும் கெஞ்சாமல். அம்மா அடுப்பு வேலை முடித்து வந்து வாசித்துக் காட்டக் காத்திருக்காமல். புரியாத இடத்தில் நிறுத்தி, பின்னால் போய், மறுபடியும் கேட்டேன். அது சலித்துக்கொள்ளவில்லை. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். போட்டோக்காரர் வந்து, "கொஞ்சம் சோகமா பாரும்மா" என்றார். கண்ணீர் இருந்த இடத்திலேயே வற்றிவிட்டது.

செப்டம்பர் 12, வெள்ளி

போன செமஸ்டரில் வணிகச் சட்டத்தில் அரியர். காரணம் நான் இல்லை. தேர்வில் எனக்கு வாசித்து எழுத ஒரு ஆள் கொடுப்பார்கள். அந்த ஆள் அந்தப் பாடம் தெரியாதவராக, கீழ் வகுப்பில் படிப்பவராக இருக்க வேண்டும் என்பது விதி. எனக்குக் கிடைத்தது முதலாமாண்டு தாவரவியல் படிக்கிற பெண். நான் 'பிணையம்' என்று சொன்னால் அவளுக்கு அது ஏதோ பிணம் மாதிரிப் பயம். நான் சொன்னதில் பாதியை விட்டுவிட்டு, மீதியைத் தன் சொந்தச் சரக்கில் எழுதியிருக்கிறாள். நடுவில் அவளுக்குத் தூக்கமும் வந்துவிட்டது. பாவம், அவளுக்கு அன்று காய்ச்சலாம். எனக்கு என்ன?

இந்த முறை வேறு வழி இருக்கிறது. பல்கலைக்கழகம் அனுமதித்தால் கருவியே கேள்வித்தாளை எனக்கு வாசிக்கும், நான் பதில் சொல்லச் சொல்லக் கணினி எழுதிக்கொள்ளும். லோகேந்திரனுக்கும் அது போதும். முதல்வர் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். மனுவை லோகேந்திரன் வாய்மொழியாகச் சொல்ல, என் போன் எழுதிக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழு ஆள் ஆகிவிட்டோம் என்று அவன் சிரித்தான். அவன் ஜோக்குக்கு நான் சிரிக்கவில்லை. அதிகம் சிரிக்கவில்லை.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்குப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எலக்ட்ரிகல் கடை. "மெசினு படிச்சுக் குடுத்துப் பாஸாகறதெல்லாம் ஒரு படிப்பா அம்மிணி? நாலு வாட்டி படிச்சா மண்டைல ஏறாதா?" என்றார். பிறகு, "இந்த வாட்டியும் அரியர் வெச்சீன்னா போதும். கடைல உக்காந்து பில்லு போடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஏதோ நல்லது செய்கிற மாதிரிச் சொன்னார்.

அந்தக் கடையில் எத்தனை பெட்டி! ஒவ்வொன்றிலும் பொடி எழுத்து. வாட்ஸ், வோல்ட், கம்பெனி, தேதி. எதிரில் எப்போதும் நான்கு பேர் அவசரத்தில் நிற்பார்கள். அந்த நான்கு பேருக்கு முன்னால் ஒரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் முழிப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதற்குப் பேசாமல் வணிகச் சட்டத்தையே கட்டிக்கொள்ளலாம்.

செப்டம்பர் 17, புதன்

முதல்வர் கூப்பிட்டனுப்பினார். மனு அவர் மேசைமேல் இருந்தது, அதன்மேல் காபிக் கோப்பை. "தாராளமா கையெழுத்துப் போடறேம்மா. ஆனா ஒரு சின்ன விஷயம்" என்றார்.

அந்தச் சின்ன விஷயம் இது. அடுத்த வாரம் குழு வரும்போது நானும் லோகேந்திரனும் கருவியை இயக்கிக் காட்ட வேண்டும். மகிழ்ச்சி. கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இயக்கிக் காட்ட வேண்டும்.

"எதுக்குங்க சார்?"

"பார்த்தவுடனே தெரியணுமில்லம்மா? உன்னப் பார்த்தா ஒண்ணுமே இல்லாத பொண்ணு மாதிரி இருக்கே. இதுக்கா இவ்வளவு செலவுன்னு அவங்க கேட்டா நான் என்ன சொல்றது? கற்றல் குறைபாடு, அது இதுன்னு விளக்கிட்டு இருக்க முடியுமா?"

மனிதர் முனைவர் பட்டம் வாங்கியவர். எனக்கு என்ன குறை என்று இன்றுவரை அவருக்குப் புரியவில்லை. கருவி பேசுகிறது, ஆகவே நான் பார்வையற்றவள். இவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சி. கையெழுத்து எப்போது என்று கேட்டேன். "குழு போனவுடனே" என்றார். கோப்பையைத் தூக்கினார். மனுவில் வட்டமாகக் காபிக்கறை.

வெளியே வந்ததும் ஜெகதீஸ்வரி மேடம், "ஒரு நாள் கூத்துத்தானம்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்றார். மேடத்தின் வாழ்க்கையே அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்ட வாழ்க்கை. அது முகத்திலேயே எழுதியிருக்கிறது. அதை மட்டும் எனக்கு வாசிக்கத் தெரியும்.

செப்டம்பர் 18, வியாழன்

லோகேந்திரனிடம் சொன்னேன். "கண்ணாடி ஓசில குடுக்கறாங்களா? எனக்கு நல்லாத்தான இருக்கும்" என்றான். முதுகெலும்பு என்ற ஒன்றை இவனுக்கு வைக்க மறந்துவிட்டார்கள்.

செப்டம்பர் 22, திங்கள்

ஒத்திகை. நான் கண்ணாடி மாட்டிக்கொண்டு இயல்பாக நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தேன். "நேரா போறியேம்மா! கொஞ்சம் தடவித் தடவிப் போ" என்றார் முதல்வர். தடவித் தடவிப் போனேன். லோகேந்திரன் என்னைவிட நன்றாக நடித்தான். சுவரில் முட்டிக்கொண்டு, "சாரிங்க சார்" என்று சுவரிடம் மன்னிப்புக் கேட்டான். முதல்வருக்கு ஒரே பூரிப்பு. நக்கல் செய்கிறான் என்பது அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை. எனக்கே வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. தனியாகச் சிரித்தேன். "என்னடி?" என்றாள் அம்மா. ஒன்றுமில்லை என்றேன்.

அவனுக்குக் கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது. அது வேறு விஷயம்.

செப்டம்பர் 24, புதன்

நாளை குழு. முடியாது என்று சொல்லிவிடலாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். முடியாது என்றால் கையெழுத்து இல்லை, கையெழுத்து இல்லையென்றால் மறுபடியும் ஒரு தாவரவியல் பெண், மறுபடியும் அரியர், அப்புறம் கடை. ஆக, போடப் போகிறேன். கண்ணாடிதானே.

ஏழாம் வகுப்பில் ஒருமுறை வகுப்பில் எழுந்து வாசித்தேன். அதற்குப் பிறகு நான் யார் முன்னாலும் சத்தமாக வாசித்ததில்லை. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போக நீலச் சுடிதாரை இஸ்திரி போட்டு வைத்தேன். கண் தெரியாதவள் எப்படி உடுத்துவாள் என்று முதல்வர் ஏதாவது கருத்து வைத்திருந்தால் அதை அவரே உடுத்திக்கொள்ளட்டும்.

செப்டம்பர் 25, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் எனக்கே நம்பிக்கை வராது.

குழுவில் மூன்று பேர். தலைவர், தொப்பைக்கு மேல் பேனா குத்தியவர். வேதியியல் பேராசிரியை ஒருவர். மூன்றாமவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த பேராசிரியர் அருமைநாயகம். அவர் அந்த அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் வெள்ளைத் தடியுடன் மாடிப்படி ஏறி வந்தார். அவருக்கு உண்மையிலேயே கண் தெரியாது. அவர் கண்ணாடி எதுவும் போடவில்லை.

என் கருப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து அவரைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த தடியும் எங்கள் வீட்டு முருங்கை மரத்தில் சாய்த்து வைத்திருக்கிற தடியும் ஒரே மாதிரி. எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த நாட்குறிப்பில் நான் வெட்கப்பட்டதாகச் சொல்வது இதுதான் முதல் தடவை. முதல்வர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் வியர்த்திருந்தது. ஆனால் அது வெட்கத்தில் வந்த வியர்வை இல்லை.

அருமைநாயகம் வாசலில் நின்று கதவைத் தடவினார். பிரெயில் பலகையில் விரல் ஓட்டினார். பிறகு உள்ளே வந்தார்.

நான் புத்தகத்தை வைத்தேன். கருவி ஸ்பீக்கரில் சத்தமாக வாசித்தது. லோகேந்திரன் ஒரு கேள்விக்குப் பதில் பேச, கணினித் திரையில் எழுத்தாக ஓடியது. எல்லாம் சரியாகவே நடந்தது. வேதியியல் அம்மா, "பாவம், நல்ல சூட்டிகையான குழந்தைங்க" என்றார். தலைவர் தலையாட்டினார். முதல்வர் தோள் இறங்கியது.

அப்போது அருமைநாயகம், "வாழ்த்துகள்மா" என்று சொல்லிக் கையை நீட்டினார். நான் பிடித்துக் குலுக்கினேன். அவர் கையை விடவில்லை.

"ஏம்மா, நான் கையை நீட்டுனது ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"கண்ணு தெரியாத ரெண்டு பேரு கை குடுக்கணும்னா மொதல்ல ரெண்டு பேருமா கொஞ்ச நேரம் காத்தைத் தடவணும். ஒங்கை நேரா வந்துட்டே" என்றார். கிண்டலும் இல்லை, கோபமும் இல்லை. கணக்கில் தப்பு இருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். பிறகு கையை விட்டார்.

தலைவர் திரும்பினார். "என்ன சார் இது? ஆள் செட்டப் பண்ணிருக்கீங்களா?"

முதல்வர் குழந்தைவேலு கண்ணிமைக்கும் நேரம்கூட யோசிக்கவில்லை. அதற்கு மட்டும் அவருக்கு மூளை வேகமாக வேலை செய்கிறது. "சத்தியமா எனக்குத் தெரியாதுங்க சார். சர்டிபிகேட் குடுத்துத்தான் சலுகையெல்லாம் வாங்குனா. ஏம்மா, இப்படியா ஏமாத்துவே?" என்று என்னைக் கேட்டார். என்னை! ஜெகதீஸ்வரி மேடம் கைப்பைக்குள் எதையோ தீவிரமாகத் தேடினார். உள்ளே போய் ஒளிந்துகொள்ள இடம் தேடியிருப்பார்.

"கண்ணு நல்லாத் தெரியற பொண்ணுக்கு எதுக்கு வாசிக்கிற மெஷின்? தேர்வுக்கு வேற அனுமதி கேக்கப் போறாங்கன்னு நீங்க சொன்னீங்களே. சரியான மோசடி" என்று தலைவர் பேனாவை எடுத்தார்.

கண்ணாடியைக் கழற்றினேன். கழற்றினால் மட்டும் போதாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. கண் தெரிகிறது, ஆனாலும் கருவி வேண்டும் என்று நான் வாயால் சொன்னால் இந்த அறையில் யார் நம்புவார்கள்? நம்ப வைப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. உலகத்தில் எதைச் செய்யவே கூடாது என்று இத்தனை வருடம் இருந்தேனோ அதுதான் அந்த வழி.

"உங்க கையில இருக்கறதக் குடுங்க சார். வாசிக்கிறேன்" என்றேன்.

தலைவர் கையில் இருந்தது எங்கள் கல்லூரியின் அறிமுக மலர். பளபளவென்ற தாள். கொடுத்தார். முதல் பக்கம், முதல்வர் படத்துக்குக் கீழே உள்ள வரி.

நான் தொடங்கினேன். "நம... நம... து. நமது. க... கல்... கல்லூ..." அங்கேயே நின்றுவிட்டேன். திரும்பவும் ஆரம்பத்திலிருந்து. "நமது கல்லூரி. ஒ... ஒவ்... ஒவ்வொ..."

வாசலில் தன்னார்வலர் பேட்ஜ் குத்திய மாணவர்கள் நின்றார்கள். ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். ஏழாம் வகுப்பில் கேட்ட அதே சிரிப்பு. காது சூடாகியது. நிறுத்தவில்லை. கழுத்தில் வியர்வை இறங்கியது. 'மாணவரின்' என்பதற்குள் இத்தனை எழுத்து இருக்கிறது என்று எனக்கு இன்றுதான் தெரியும். யாரும் உதவிக்கு வரவில்லை. நல்லவேளை, வந்திருந்தால் அந்த ஆளின் மண்டையை மலராலேயே அடித்திருப்பேன். விசிறி சுற்றும் சத்தமும் என் குரலும் மட்டும். அந்த வரி இதுதான்: நமது கல்லூரி ஒவ்வொரு மாணவரின் தனித்திறனையும் கண்டறிந்து போற்றுகிறது. இதை எழுதியவரே இவ்வளவு நேரம் செலவழித்திருக்க மாட்டார். ஒவ்வொரு சொல்லையும் முதல்வர் நின்று கேட்க வேண்டியிருந்தது.

"கண்டறிந்து" வரை வந்தபோது அருமைநாயகம், "போதும்மா" என்றார்.

"இன்னும் ஒரு வார்த்தை இருக்குதுங்க சார்" என்றேன். "போ... போற்... போற்று... போற்றுகிறது." முடித்து, மலரைத் தலைவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"பிள்ளைக்கு மெஷின் வேணும்" என்றார் அருமைநாயகம், தலைவரைப் பார்த்து அல்ல, அவர் குரல் வந்த பக்கம் பார்த்து. "இதைக் கேட்ட பொறவு எனக்கு அதுல சந்தேகம் இல்ல. கண்ணாடிய யாரு வாங்குனாங்கன்னு மட்டும் கேட்டு எழுதிக்கிடுங்க." பிறகு முதல்வர் பக்கம் திரும்பி, "கதவுல பிரெயில் பலகைய தலகீழா மாட்டி வச்சிருக்கீங்க சார்" என்றார்.

அவர்கள் போனார்கள். லோகேந்திரன் கடைசி வரை கண்ணாடியைக் கழற்றவே இல்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் அங்கே உயிரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், இவன் சினிமா நடிகன் மாதிரி நிற்கிறான். படியிறங்கும்போது, "இன்னும் எதுக்குடா அது?" என்று பிடுங்கினேன். அவன் கண் சிவந்து ஈரமாக இருந்தது. ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லையாம். ஏ.சி.யை இன்று போடவே இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

கல்லூரிக்குப் போகவில்லை. தலைவலி.

செப்டம்பர் 29, திங்கள்

தலைவலியை ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். காலையில் லோகேந்திரனிடமிருந்து போன் வந்தது. "சிந்து, சாய்தளத்துல தனியா உக்காந்து தின்னா எலுமிச்ச சாதம் எறங்க மாட்டீங்குது" என்றான். போனேன். சாதத்துக்காகத்தான்.

வகுப்பில் இரண்டு பேர், "நமது... க... கல்..." என்று பின்னாலிருந்து பாடினார்கள். திரும்பிப் பார்த்தேன். அவர்கள் முகத்தில் எதிர்பார்ப்பு. நான் அழுவேன் என்று. வரியின் மீதியையும் நானே சொல்லிக் கொடுத்தேன், அதே மாதிரித் திணறி, இன்னும் நீட்டி. அதற்குமேல் பாட அவர்களிடம் சரக்கு இல்லை. அற்பங்கள்.

அப்பாவுக்கும் விஷயம் போய்விட்டது. அன்று வாசலில் சிரித்தவளின் மாமா எங்கள் கடையில் சுவிட்சு வாங்க வந்திருக்கிறார். அப்பா சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ரசத்துக்கு வந்தபோது, "எத்தன நேரம் படிச்சே?" என்று கேட்டார்.

"ரொம்ப நேரமுங்கப்பா. ஒரே வரி."

"எல்லாரு முன்னாலயும்?"

"ஆமாங்க."

மோர் ஊற்ற அம்மா வந்தாள். தட்டில் சாதமே இல்லாதபோது அப்பா பிசைந்துகொண்டிருந்தார்.

அக்டோபர் 14, செவ்வாய்

அனுமதி வந்துவிட்டது! எனக்கும் லோகேந்திரனுக்கும். குழு போனபிறகு முதல்வர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியதாகிவிட்டது. காபிக்கறையோடு போன மனு, கறையோடே திரும்பியிருக்கிறது. முதல்வருக்கு விளக்கம் கேட்டும் ஒரு கடிதம் வந்திருக்கிறதாம். அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் அவர் என்னைக் கூப்பிட்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"கல்லூரி நாள் விழாவுக்கு எம்.எல்.ஏ. வர்றார்மா. அன்னிக்கு வாசிச்ச மாதிரியே மேடையில ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டிரு. அதே மாதிரி, கொஞ்சம் திணறித் திணறி. எல்லாரும் உருகிப் போயிருவாங்க."

கண்ணாடியை விட்டுவிட்டார், திணறலைப் பிடித்துக்கொண்டார். இந்த மனிதரைத் திருத்த ஒரு குழு போதாது.

"வாசிக்கிறேனுங்க சார்" என்றேன். "ஒரு வரி வாசிச்சு முடிக்கறதுக்கு ரொம்ப நேரம் ஆகுமுங்க. அது வரைக்கும் நீங்க அந்தக் கருப்புக் கண்ணாடிய மாட்டிட்டு மேடையில எம் பக்கத்துலயே நில்லுங்க சார்."

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. பின்னால் ஜெகதீஸ்வரி மேடத்துக்குத் திடீரென்று இருமல். வெளியே வந்ததும் மேடம் கைப்பையைத் துழாவி, மையத்தின் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "இன்னொண்ணு அடிச்சு வெச்சுட்டேன். தூசி பட்டாப் படட்டும்" என்றார். முகத்தில் எழுதியிருந்ததை நான் அவசரமாக வாசித்துவிட்டேன் போலிருக்கிறது. ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கும்.

ஹெட்போனின் பிளாஸ்டிக் உறையை முதல் வேலையாகக் கிழித்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

வணிகச் சட்டம். உப்பில்லாத குரல் கேள்விகளை வாசித்தது. இரண்டாம் கேள்வியை மூன்று தடவை வாசிக்க வைத்தேன், அது கோபித்துக்கொள்ளவில்லை. பிணையம் பற்றி முழுசாகச் சொன்னேன். கணினி முழுசாக எழுதிக்கொண்டது. யாரும் தூங்கவில்லை. தேறிவிடுவேன். இதில் முதல்வர் தலைகீழாக மாட்டுவதற்கு ஒன்றுமில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

அப்பா பேங்க் வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை எந்த பேங்க்? போகட்டும். "கொஞ்ச நேரம் கடையப் பாத்துக்க அம்மிணி. பில்லு நா வந்து போட்டுக்கறேன்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். மாட்டேன் என்று சொல்லப்போய், சரி என்று சொல்லிவிட்டேன்.

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒருவர் வந்தார். கையில் பல்பு ஒன்றின் பழைய பெட்டி. "இதே மாதிரி வேணும். எத்தன வாட்ஸு, எந்தக் கம்பெனின்னு பாத்துக் குடும்மா. சீக்கிரம்." அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

போன் என் பையில்தான் இருந்தது. பக்கம் பக்கமாக வாசிக்கத்தான் அதற்கு வராது; இந்த மாதிரி நாலு சொல்லென்றால் படம் பிடித்து ஒரு நொடியில் சொல்லியிருக்கும். எடுக்கலாம் என்று கை போனது. பிறகு எடுக்கவில்லை.

"எனக்கு வாசிக்க நேரமாகுமுங்க. அவசரம்னா நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்றேன்.

அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "கண்ணாடி எடுத்துட்டு வர்ல" என்று முணுமுணுத்து என்னிடமே திருப்பி நீட்டினார்.

வாங்கி, வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, முதல் எழுத்திலிருந்து தொடங்கினேன். சத்தமாகத்தான். பின்னால் நின்ற இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். காத்திருந்தார்.